பைகால்ஃபாட்: கணக்கு சரி, விரவல் தரவுதான் போதவில்லை

மலேசியாவின் பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளில் சோல்டர் (உறுப்புகளைப் பலகையில் பற்றவைக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை), முலாம், உலோக இணைப்பு ஆகியவற்றோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நம்மவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இங்கே மதிப்பிடப்படுவது பைகால்ஃபாட் என்னும் இலவசக் கணக்கீட்டு நிரலும், அதனோடு சேர்த்துப் பயன்படுத்தக் கிடைக்கும் திறந்த தரவுத்தளங்களும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலுக்கு ஐந்தில் நான்கரை தரலாம்; வெள்ளீயச் சோல்டருக்கான வெப்ப இயக்கவியல் தரவுக்கு நான்கு தரலாம்; விரவல் தரவுக்கு, அதாவது உலோகத்துக்குள் அணுக்கள் எவ்வளவு வேகமாக ஊடுருவி நகரும் என்ற தரவுக்கு, இரண்டு தருவதற்கே தயக்கமாக இருக்கிறது. விற்பவர்களும் வாங்குபவர்களும் இம்மூன்றையும் ஒரே பொருளாகப் பாவித்துப் பேசுவதால், திரையில் அழகாக வந்த வரைபடத்தை நம்பி எடுத்த முடிவு ஆறு மாதம் கழித்துச் சூளைச் சோதனையில் பொய்த்துப்போகிறது.

கால்ஃபாட் முறையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். ஒரு கலப்புலோகத்தில் நீர்மம், வெள்ளீயப் படிகம், உலோகங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்த இடையுலோகச் சேர்மம் என்று பல கட்டங்கள் தோன்றலாம். ஒவ்வொரு கட்டத்தின் கிப்ஸ் ஆற்றலையும் (அந்தக் கட்டம் எவ்வளவு நிலையானது என்பதைக் காட்டும் அளவு) வெப்பநிலை, கலவை விகிதம் ஆகியவற்றைச் சார்ந்த சமன்பாடாக எழுதி வைத்துக்கொண்டு, எந்தச் சேர்க்கையில் மொத்த ஆற்றல் மிகக் குறைவாக வருகிறதோ அதுவே சமநிலை என்று கணிப்பதுதான் இம்முறை. அமெரிக்க உலோகவியலாளர் லேரி காஃப்மன் முன்னின்று வளர்த்த இத்துறைக்கு 1977 முதல் தனி ஆய்விதழே இருக்கிறது. தூய தனிமங்களுக்கான அடிப்படைச் சமன்பாடுகளை 1991-இல் ஆலன் டின்ஸ்டேல் 78 தனிமங்களுக்குத் தொகுத்து வெளியிட்டார். இன்று புழக்கத்தில் இருக்கும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தின்மேல் எழும்பியவையே. தனிமங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது ஏற்படும் விலகலை, 1948-இல் ரெட்லிக்கும் கிஸ்டரும் தந்த பல்லுறுப்புக் கோவையால் குறிக்கிறார்கள். ஐந்தாறு தனிமங்கள் கொண்ட கலவையை எல்லா விகிதத்திலும் அளந்து முடிப்பது ஆகாத காரியம் என்பதால், இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் அளந்தவற்றிலிருந்து மேலே நீட்டிக் கணிக்கிறார்கள். ஆகவே கீழே இருக்கும் ஓர் இருமக் கலவையின் மதிப்பீடு பிசகினால், அதன்மேல் நிற்கும் அத்தனை கணிப்பும் பிசகும்.

பைகால்ஃபாட், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸி-குயி லியூவின் ஆய்வுக்குழுவில் ரிச்சர்ட் ஓட்டிஸ் உருவாக்கிய பைத்தன் நூலகம். அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2017-இல் வெளிவந்தது. எம்.ஐ.டி. என்னும் தாராளமான திறந்த உரிமத்தில் கிடைப்பதால் தொழிற்சாலையில் பயன்படுத்தவும் தடையில்லை. நிறுவுவது எளிது, சாதாரண மடிக்கணினியே போதும். பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட முகப்பு கிடையாது என்பதால், பைத்தன் எழுதிப் பழகாதவர்களுக்குத் தொடக்கத்தில் சற்றுத் திணறல் இருக்கும். ஒவ்வொரு தரவுக்கோப்பிலும் கட்டங்களுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருப்பார்கள். கோப்பைத் திறந்து படித்து அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் ஓரடியும் நகர முடியாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தரவுக்கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் இப்படிக் கட்டாயப்படுத்தியாவது வந்தால் நல்லதுதான்.

இனி சோதனைக்கு வருவோம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் எந்த ஆலைக்குப் போனாலும் காணக்கூடிய சாக் 305 சோல்டரையே எடுத்துக்கொண்டேன். எடையில் 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு, மீதி வெள்ளீயம். கணக்கீட்டுக்கு மோல் விகிதம், அதாவது அணு எண்ணிக்கை விகிதம், வேண்டும். மாற்றினால் வெள்ளி 3.28 விழுக்காடு, செம்பு 0.93 விழுக்காடு என்று வருகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் இலவசமாக வெளியிட்டிருக்கும் சோல்டர் தரவுத்தளத்தில் வெள்ளி, பிஸ்மத், செம்பு, காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் ஆகிய ஆறு தனிமங்கள் உள்ளன. நிஸ்ட் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீட்டின்படி, வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் சேர்ந்த யூடெக்டிக் புள்ளி, அதாவது அவை சேர்ந்து மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் இடம், 217.2 டிகிரி செல்சியஸ். அதன் கலவை ஏறத்தாழ 3.5 விழுக்காடு வெள்ளி, 0.9 விழுக்காடு செம்பு. தரவுத்தளமும் அளவீடும் ஒரே குழுவின் கையிலிருந்து வந்தவை என்பதால், இங்கே கணக்கு பொருந்துவதில் பெரிய வியப்பு இல்லை. வெள்ளியின் விலையைப் பார்த்து அதை 1 விழுக்காட்டுக்குக் குறைத்தால் என்னவாகும் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு தரும் பதில்தான் பயனுள்ளது. உருகத் தொடங்கும் வெப்பநிலை அதே 217-இல் நிற்க, முழுவதும் உருகி முடியும் வெப்பநிலை மட்டும் ஏறக்குறைய 227 வரை ஏறிவிடுகிறது. சோல்டரை உருக்கிப் பலகையில் பற்றவைக்கும் ரீஃப்ளோ சூளையின் உச்ச வெப்பநிலையை எவ்வளவு கூட்ட வேண்டும், அந்த வெப்பத்தை மற்ற உறுப்புகள் தாங்குமா என்று பேசுவதற்கு இந்தப் பத்து டிகிரி போதுமான ஆதாரம்.

ஆனால் இந்தக் கணக்கு எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாதிரி உருகும், உறையும் வெப்பநிலையை அளக்கும் டி.எஸ்.சி. கருவியைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர், வரைகோட்டைக் காட்டி, "அண்ணே, 217-ல உருகுது சரி, ஆனா திரும்பக் குளிரும்போது 217-ல உறைய மாட்டேங்குதே, கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. வெள்ளீயப் படிகத்தின் முதல் கரு உருவாவது மிகக் கடினம் என்பதால், சிறிய சோல்டர் உருண்டைகள் பத்து முதல் முப்பது டிகிரி வரை கீழிறங்கிய பிறகே உறைவது வழக்கம். அந்த இடைவெளியில் வெள்ளியும் வெள்ளீயமும் சேர்ந்த தகடு போன்ற படிகங்கள் நீர்மத்துக்குள் தாராளமாக வளர்ந்துவிடும். சமநிலைக் கணக்கில் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை. பைகால்ஃபாட்டோடு சேர்ந்து இயங்கும் ஷைல் முறை நிரலும், திண்மத்துக்குள் விரவலே நிகழாது, நீர்மம் முழுக்கச் சீராகக் கலந்திருக்கும் என்ற எடுகோளில் உறைதலைப் படிப்படியாகக் கணக்கிடுமே தவிர, கரு எப்போது உருவாகும் என்று சொல்லாது. இது நிரலின் குறையன்று. ஆனால் விற்பனை விளக்கக் கூட்டங்களில் யாரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த இலவசத் தரவுத்தளம் தன் மதிப்பைக் காட்டிய இடம் பிஸ்மத் சோல்டர். குறைந்த வெப்பத்தில் உருகும் வெள்ளீய-பிஸ்மத் கலவையின் யூடெக்டிக் புள்ளி 139 டிகிரி. வளைந்துபோகும் மெல்லிய பலகைகளுக்கு ஏற்றது என்று பலரும் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2006 ஜூலையில் ஐரோப்பாவின் காரீயத் தடை நடைமுறைக்கு வந்ததற்கு முன்பு செய்யப்பட்ட பழைய உறுப்புகள், கால்களில் காரீய முலாம் பூசியபடி, பழுதுபார்க்கும் பிரிவுகளில் இன்னும் கிடைக்கின்றன. அப்படி ஓர் உறுப்பைப் பிஸ்மத் சோல்டரால் பற்றவைத்தால் என்ன நேரும்? சிறிதளவு காரீயத்தைச் சேர்த்து ஷைல் கணக்கை ஓட்டினால், பெரும்பகுதி உறைந்த பிறகும் ஒரு துளி நீர்மம் மிஞ்சி, வெள்ளீயம், பிஸ்மத், காரீயம் மூன்றும் சேர்ந்த யூடெக்டிக்கான ஏறத்தாழ 96 டிகிரி வரை உறையாமல் கிடப்பதைக் காணலாம். வாகனத்தின் இயந்திர அறையில் பொருத்தப்படும் பலகை அந்த வெப்பநிலையை எளிதாகத் தொடும். மடிக்கணினியில் சில நிமிடங்களில் வரும் இந்த ஒரு விடைக்காகவே பழுதுபார்க்கும் பிரிவுத் தலைவர்கள் இந்த நிரலைப் பழகிக்கொள்ளலாம்.

நிக்கல்-தங்க முலாம் பூசிய பலகைகளோடு வேலை செய்பவர்களுக்கு நிஸ்ட் கோப்பு போதாது. அதில் நிக்கலும் இல்லை, தங்கமும் இல்லை. காஸ்ட் 531 என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில் உருவான காரீயமற்ற சோல்டர் தரவுத்தளத்தில் நிக்கல், தங்கம், பலேடியம், இண்டியம், துத்தநாகம் ஆகியவையும் உள்ளன. இரண்டு கோப்புகளிலிருந்தும் வேண்டிய வரிகளை வெட்டி ஒட்டிப் புதுக் கோப்பு உண்டாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும்; அதை அடக்கிக்கொள்வதே நல்லது. ஒரே சேர்மத்தை ஒரு குழு நிலையான விகிதம் கொண்டதாகவும், இன்னொரு குழு அணுக்கள் இடம் மாறிக்கொள்ளக்கூடியதாகவும் எழுதியிருக்கும். இரண்டையும் கலந்தால் நிரல் பிழை காட்டாமலேயே தவறான விடையைத் தரும்.

வணிகத் தொகுப்புகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் முகப்பு அழகானது, தனிமங்களும் மிகுதி, உதவிக்கு ஆள் கிடைப்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அவை ஏற்றவையே. ஆனால் அவற்றின் தரவுக்கோப்புகள் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொகுப்பை எங்கள் ஆலையில் ஆண்டு உரிமத்தில் வைத்திருந்தபோது, செம்புக்கும் சோல்டருக்கும் இடையே வளரும் படலத்தின் தடிப்பு நாங்கள் குறுக்கே வெட்டி அளந்ததைக் காட்டிலும் வெகுவாகக் குறைந்து வந்தது. எந்த அளவீட்டை வைத்து அந்த எண்ணை நிர்ணயித்தீர்கள் என்று எழுதிக் கேட்டோம். அது நிறுவன இரகசியம் என்று பதில் வந்தது. ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்தால் மயக்கம் வரவைக்கும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, விடையின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட முடியாத நிலை பொறியியலுக்கு ஏற்றதன்று. திறந்த தரவுத்தளங்கள் வரும் டிடிபி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த மதிப்பீடு எந்த ஆய்விலிருந்து வந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த ஆய்வையே எடுத்துப் படித்துவிடலாம்.

இனி விரவல். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

சமநிலைத் தரவு எது நிலைக்கும் என்று சொல்லும். அது எவ்வளவு நாளில் வந்து சேரும் என்று விரவல் தரவுதான் சொல்ல வேண்டும். 1992-இல் ஆண்டர்சனும் ஓகிரனும் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நகர்திறன் எண் நிர்ணயிக்கப்படுகிறது. அந்த நகர்திறனைக் கிப்ஸ் ஆற்றல் கோட்டின் வளைவோடு பெருக்கினால் விரவல் கெழு கிடைக்கும். அளக்க வேண்டிய எண்களின் தொகை இதனால் வெகுவாகக் குறைகிறது. வெப்ப இயக்கவியல் பக்கத்தில் இருக்கும் பிழை அப்படியே விரவல் பக்கத்துக்கும் வந்து சேர்கிறது என்பது இதற்குக் கொடுக்கும் விலை. பைகால்ஃபாட் தானாக விரவல் உருவகத்தை ஓட்டுவதில்லை. அதன்மேல் கட்டப்பட்ட காவின் என்னும் நிரலில் வீழ்படிவுக் கணக்கும் ஒருபரிமாண விரவல் கணக்கும் உண்டு. கடும் வெப்பம் தாங்கும் நிக்கல் அடிப்படையிலான மீக்கலவைகளுக்கு இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. கேரலின் கேம்ப்பெல் தலைமையில் நிஸ்ட் ஆய்வாளர்கள் 2002-இலேயே அதற்கான நகர்திறன் தரவுத்தளத்தை வெளியிட்டுவிட்டார்கள். ஜெட் விமான இயந்திரங்களுக்குப் பணம் இருந்தது, ஆய்வும் நடந்தது. மேலும் நிக்கலின் படிகம் கனசதுர வடிவம். எந்தத் திசையில் பார்த்தாலும் விரவல் ஒன்றே.

வெள்ளீயம் அப்படிப்பட்டதன்று. அதன் படிகம் நீள அகலத்தில் ஒன்றாகவும் உயரத்தில் ஏறக்குறைய பாதியாகவும் நசுங்கிய பெட்டி வடிவம். அந்தக் குட்டையான அச்சின் வழியாகச் செம்பு, வெள்ளி, நிக்கல் போன்ற சிறு அணுக்கள், வெள்ளீய அணுக்களின் இடைவெளிகளிலேயே புகுந்து ஓடிவிடுகின்றன. டைசனும் அவருடைய கூட்டாளிகளும் 1967-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 25 டிகிரியில் செம்பு அந்த அச்சின் வழியே மற்ற அச்சைவிட ஏறத்தாழ 500 மடங்கு வேகமாக விரவுகிறது. நிக்கலுக்கு 120 டிகிரியில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 70,000 மடங்கு என்று 1984-இல் யே, ஹண்டிங்டன் இருவரும் அளந்து சொன்னார்கள். இன்றைய சோல்டர் உருண்டை ஒன்று பல சமயங்களில் ஒன்றிரண்டு படிக மணிகளால் மட்டுமே ஆனது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே பலகையில், ஒரே சூளையில், ஒரே நாளில் உண்டான இரண்டு உருண்டைகளில், ஒன்றில் குட்டை அச்சு மின்னோட்டத் திசையில் படுத்திருந்தால், அதன் அடியிலிருக்கும் முலாம் கரைந்துபோகும். பக்கத்து உருண்டை ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வழக்கமான நகர்திறன் தரவுத்தளத்திலோ வெள்ளீயத்தில் செம்புக்கு ஒரே ஓர் எண்தான் எழுத முடியும். எழுதும் முறையிலேயே திசைக்கு இடம் வைக்கப்படவில்லை. எந்த எண்ணைப் போட்டாலும் அது இரண்டு உருண்டைகளுக்கும் பொருந்தாத சராசரியாகவே இருக்கும்.

இரண்டாவது இடர், இடையுலோகச் சேர்மங்களில் இருக்கிறது. செம்பும் சோல்டரும் சந்திக்கும் இடத்தில், ஆறு செம்புக்கு ஐந்து வெள்ளீயம் என்ற 6:5 சேர்மமும், அதற்கும் செம்புக்கும் நடுவே 3:1 சேர்மமும் படலமாக வளர்கின்றன. பல தரவுத்தளங்களில் இவை விகிதம் சற்றும் மாறாத சேர்மங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. உருகுநிலைக் கணக்குக்கு இது போதும். விரவலுக்குப் போதாது. கலவை விகிதம் மாற இடமே இல்லாத கட்டத்தில் ஆற்றல் கோட்டுக்கு வளைவு என்று ஒன்று இல்லை. மேலே சொன்ன பெருக்கலைச் செய்யவே முடியாது. கார்ல் வாக்னர் 1969-இல் காட்டிய தொகைப்படுத்திய விரவல் கெழுவைப் பயன்படுத்திச் சமாளிக்கலாம். அப்படிச் செய்தால் கணக்கில் பாதி தரவுத்தளத்திலும் மீதி நம் கையெழுத்துத் தாளிலும் நிற்கும். போதாக்குறைக்கு 6:5 சேர்மம் ஏறத்தாழ 186 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூளையிலிருந்து வெளிவரும் பலகை குளிரும் வேகத்தில் அந்த மாற்றம் முழுமை பெறாது என்பதால், எந்த அமைப்புக்கான எண்ணைப் பயன்படுத்துவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, படிக மணிகளின் எல்லை வழியே நிகழும் விரவல். வழக்கமான சூளைச் சோதனை 150 டிகிரியில் 1000 மணி நேரம் நடக்கும். கெல்வினில் கணக்கிட்டால் அது சாக் கலவையின் உருகுநிலையில் 86 விழுக்காடு. உலோகவியல் பார்வையில் சோல்டர் எப்போதுமே சூட்டில் வாழும் பொருள். ஆனாலும் அந்தப் படலத்துக்குள் இருக்கும் சேர்மங்கள் வெகு உயர்ந்த வெப்பநிலையில் உருகுபவை. அவற்றின் மணிகளும் மிகச் சிறியவை. அங்கே அணுக்கள் மணியின் உட்புறத்தைவிட எல்லை வழியாகவே அதிகம் பயணிக்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க மணிகளும் பருத்து, எல்லைகள் குறைந்து, வேகமும் மாறுகிறது. ஆய்விதழ்களில் வெளியான வளர்ச்சி மாறிலிகளில் பல இவை எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகின்றன. குழம்பெல்லாம் 'பஞ்சிர்' (வெள்ளமாக) ஊற்றிய நாசி கண்டார் சோற்றுத் தட்டில், கோழிக் குழம்பின் உப்பு எவ்வளவு, மீன் குழம்பின் உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இருக்கிறது அந்த எண்ணிலிருந்து நகர்திறனைப் பிரித்தெடுக்கும் வேலை. செம்பும் வெள்ளீயமும் சமமற்ற வேகத்தில் எதிரெதிராக நகர்வதால் 3:1 படலத்தில் தோன்றும் நுண்துளைகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சமமற்ற வேகத்தின் விளைவை 1947-இல் ஸ்மிகெல்ஸ்காஸும் கிர்கெண்டாலும் பித்தளையில் மாலிப்டினக் கம்பிகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள். முலாமில் சிக்கிய அசுத்தங்கள் அந்தத் துளைகளைப் பெருக்குவதை எந்தத் தரவுத்தளமும் கணக்கில் கொள்வதில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் பைகால்ஃபாட்டை ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், குறையைச் சரிசெய்யும் வழி இதில் திறந்திருக்கிறது. எஸ்பெய் என்ற துணை நிரலை பிராண்டன் பாக்லண்டும் அவருடைய குழுவினரும் 2019-இல் அறிமுகப்படுத்தினார்கள். நம்மிடம் இருக்கும் உருகுநிலை, கலவை வெப்பம், கட்டச் சமநிலை ஆகிய அளவீடுகளைக் கோப்பாக எழுதிக் கொடுத்தால், அது முதலில் சமன்பாட்டில் எத்தனை அளபுருக்கள் (நிர்ணயிக்க வேண்டிய எண்கள்) தேவை என்று தேர்ந்து, பிறகு பேய்ஸ் புள்ளியியல் முறையில் ஒவ்வொரு அளபுருவுக்கும் ஒரு மதிப்பையும் அந்த மதிப்பு எவ்வளவு தூரம் அங்குமிங்கும் அசையக்கூடும் என்பதையும் தருகிறது. உருகி முடியும் வெப்பநிலை 227 என்று மொட்டையாகச் சொல்லாமல், இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்லும் தரவுத்தளம், சூளை அமைப்பவருக்கு எவ்வளவு நிம்மதி தரும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பதே உசிதம். கையேடும் இன்னும் விரிவாக இருக்கலாம்.

ஆனால் எஸ்பெய் பெரிதும் வெப்ப இயக்கவியல் பக்கத்துக்கானது. விரவல் பக்கத்தில் இதே ஒழுங்கு வர வேண்டுமானால், யாராவது அளக்க வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்து சோல்டர் புகையிலேயே வளர்ந்த ஊர் இது; அதற்கும் முன்பே வெள்ளீயம் உருக்கிய தீவு. நிபோங் திபாலில் யூ.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பொருளறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் குறுக்கே வெட்டிப் பளபளப்பாக்கிய சோல்டர் மாதிரிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. வாடிக்கையாளருக்கு அறிக்கை போன பிறகு அவற்றை யாரும் சீண்டுவதில்லை. அந்த மாதிரிகளில் படலத்தின் தடிப்போடு படிக மணியின் திசையையும், மணியின் அளவையும், சூளையில் இருந்த நேரத்தையும் சேர்த்துக் குறித்து, ஒற்றை மாறிலியாகச் சுருக்காமல் அளந்த எண்களை அப்படியே வெளியிட்டால், நகர்திறனைத் திசைவாரியாகப் பிரித்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு அதுவே மூலப்பொருள். 75, 100, 125, 150 டிகிரி என்று நான்கு வெப்பநிலைகளில் இருந்தால் இன்னும் நல்லது; 150-இல் மட்டும் அளந்ததை 75-க்கு நீட்டினால், எல்லை வழி விரவல் குறைந்த வெப்பநிலையில்தான் மேலோங்கும் என்பதால், ஆயுட்கணிப்பு ஏறுமாறாகிவிடும்.

இப்போதைக்கு வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: இலவசமானதை வாங்கும் பேச்சு இல்லை. சோல்டர் கலவை மாற்றம், காரீயக் கலப்பு, உருகும் இடைவெளி ஆகிய கேள்விகளுக்கு பைகால்ஃபாட்டையும் நிஸ்ட் கோப்பையும் இன்றே இறக்கிப் பயன்படுத்தலாம். நிக்கல் முலாம் இருந்தால் காஸ்ட் 531 பக்கம் போகவும். மூன்று தனிமங்களுக்குள் மட்டும் கற்றுப் பார்க்க விரும்பும் மாணவர்கள், பொத்தான்களோடு கூடிய தெர்மோ-கால்க் என்ற வணிக நிரலின் கல்விப் பதிப்பையும் இலவசமாகப் பெறலாம். படலம் எத்தனை ஆண்டில் எத்தனை மைக்ரான் வளரும் என்ற கேள்விக்கு மட்டும், எந்த நிரல் எந்த எண்ணைத் தந்தாலும், சூளையில் மாதிரியை வைத்து வெட்டிப் பார்க்காமல் வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டாம்.